பிராண்டை மாற்றினால் கொசு சாகாது

வடசென்னையில் வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் பொழுது சாய்ந்தால் கால்வாய்க் கொசு வீட்டுக்குள் இறங்கிவிடும். "கொசுவுக்கு மருந்து பழகிப்போச்சு" என்பார்கள். பழகுவதெல்லாம் இல்லை. தாங்காதது செத்துவிடுகிறது. பிறவியிலேயே தாங்கும் ஒன்றிரண்டு மிஞ்சி, ஒரே தடவையில் நூற்றுக்கு மேல் முட்டையிடுகின்றன.

காயிலோ லிக்விடோ, கடையில் கிடைப்பதில் பெரும்பாலானது பைரித்ராய்டு என்ற ஒரே வகைப் பூச்சிக்கொல்லி. அலெத்ரின், டிரான்ஸ்ஃப்ளூத்ரின் என்று அட்டையில் பெயர்தான் வேறு. நரம்பில் சோடியம் நுழைய ஒரு கதவு உண்டு. நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரம் திறந்து மூடிக்கொள்ளும். பைரித்ராய்டு அதை மூடவிடாமல் முட்டுக்கொடுக்கும். நரம்பு ஓயாமல் துடித்து, வலிப்பு வந்து கொசு விழும். அந்தக் கதவு ஒரு புரதம். அதன் 1014ஆவது இடத்தில் லியூசின் என்ற அமினோ அமிலம் போய் ஃபினைல்அலனின் என்ற இன்னொன்று வந்தால் முட்டு சரியாக நிற்காது. பழைய பூச்சிக்கொல்லியான டிடிடியும் இதே கதவில்தான் வேலை செய்தது என்பதால், டிடிடி காலத்தில் தப்பிய வம்சத்துக்குப் பைரித்ராய்டு பெரிய விஷயமில்லை. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் இந்த மாற்றம் வந்தால்தான் முழுப் பலன். அதனால் பல காலம் வெளியே தெரியாமல் பரவும்.

மருந்து கேட்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையில், 0.05% டெல்டாமெத்ரின் (இதுவும் பைரித்ராய்டுதான்) தடவிய தாள் சுற்றிய குழாயில் பெண் கொசுக்களை ஒரு மணி நேரம் விட்டு, சுத்தமான குழாய்க்கு மாற்றிச் சர்க்கரைத் தண்ணீர் வைப்பார்கள். எண்ணுவது 24 மணி நேரம் கழித்து. ஒரு மணியில் விழுந்ததையே சாவுக் கணக்கில் எழுதுவதுதான் வழக்கமான பிழை. அதில் சில எழுந்து பறக்கும். 98 சதவீதத்துக்குக் குறையாமல் செத்தால் மருந்து கேட்கிறது, 90-க்குக் கீழே என்றால் எதிர்ப்பு உறுதி. முதலில் பிபிஓ என்ற, கொசுவின் நொதிகளை அடக்கும் துணை மருந்துத் தாளில் வைத்து மறுபடி சோதித்தால் காரணமும் பிடிபடும். சாவு கூடினால் மருந்தைச் சிதைக்கும் நொதிகள் வேலை செய்திருக்கின்றன. கூடவில்லையா, கதவைச் சந்தேகிக்கலாம்.

மாலத்தியான் என்ற வேறு வகை மருந்துக்குக் கதவு கணக்கே இல்லை, அது நரம்புச் செய்தியை நிறுத்தும் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் நொதியை முடக்கும். அதிலும் 119ஆவது இடம் மாறினால் அடி விழாது. கொசுப்புழுவின் குடலைத் தாக்கும் பிடிஐ பாக்டீரியா மருந்துக்கு இந்த நரம்பு மாற்றங்கள் எதுவும் தடையில்லை. ஆனால் சாக்கடைத் தண்ணீரில் சீக்கிரம் வீரியம் போய்விடும். ஒரு தடவை தெளித்துவிட்டுப் போனால் அடுத்த வாரமே புழு நெளியும்.