‘அது எனக்குத் தெரியும்’

1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனெரிஃப் தீவிலுள்ள லாஸ் ரோடியோஸ் விமான நிலைய ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். பக்கத்துத் தீவின் நிலையத்தில் குண்டு வெடித்ததால் திருப்பிவிடப்பட்ட விமானங்களின் நெரிசல், மூடுபனி, இருவர் ஒரே நேரத்தில் பேசியதால் வானொலியில் எழுந்த இரைச்சல் எனக் காரணங்கள் பல உண்டு. ஆயினும் மோதிய இரண்டில் ஒன்றான, நெதர்லாந்தின் கே.எல்.எம். நிறுவன விமானத்தின் விமானியறையில் நடந்த கடைசி நிமிட உரையாடல்தான் என்னை விடாமல் உறுத்துகிறது.

தலைமை விமானி அந்நிறுவனத்தின் மூத்த பயிற்சியாளர். துணை விமானிக்கு அவ்வகை விமானத்தை ஓட்டத் தகுதிச் சான்று அளித்தவரும் அவரே. அவர் புறப்பட முனைந்தபோது, இன்னும் அனுமதி வரவில்லை என்று துணை விமானி தடுத்தார். அது தனக்குத் தெரியும், நீ கேள் என்று பதில் வந்தது. செல்லவேண்டிய தடத்துக்கான அனுமதி மட்டும் கிடைத்த நிலையில், புறப்படும் அனுமதி இல்லாமலே விமானம் மீண்டும் நகர்ந்தபோது துணை விமானி தடுக்கவில்லை. மற்றொரு விமானமான, அமெரிக்காவின் பான் ஆம் விமானம் இன்னும் ஓடுபாதையைவிட்டு விலகவில்லையா என்று விமானியறையிலிருந்த பொறியாளர் கேட்டார். விலகிவிட்டது என்று தலைமை விமானி அழுத்தமாகச் சொன்னதோடு பேச்சு நின்றது.

துணை விமானிக்குத் துணிவு போதவில்லை என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் ஒப்பவில்லை. அவர் ஒருமுறை பேசினார். அந்த ஒருமுறைக்குக் கிடைத்த பதிலே அடுத்த முறைக்கான கதவைச் சாத்தியிருக்க வேண்டும் என்று கருதுகிறேன். நம் வீடுகளிலும், ‘அந்தக் கடன் தவணையைக் கட்டியாயிற்றா, அப்பா?’ என்று மகள் கேட்டால், ‘அதெல்லாம் எனக்குத் தெரியும், நீ படிக்கிற வேலையைப் பார்’ என்று அடக்கிவிட்டு, வங்கியிலிருந்து ஆள் வந்து நிற்கும் நாளில் ‘யாராவது ஞாபகப்படுத்தியிருக்கக் கூடாதா?’ என்று கோபிக்கிறோம். யாருடைய சொல்லுக்குக் கனம் அதிகமோ, அவரே மற்றவர்களின் மௌனத்துக்கும் பொறுப்பாளி.

இவ்விபத்துக்குப் பின் விமானக் குழுவினருக்கான பயிற்சியே மாறியது. இளையவர் ஐயத்தை வெளிப்படையாகச் சொல்லவும், மூத்தவர் அதைக் கேட்டு வாங்கவும் பழக்கப்படுத்தப்படுகிறார்கள். இரண்டாவது பாதியைத்தான் நம் அலுவலகங்கள் மறந்துவிடுகின்றன. கூட்டத்தின் இறுதியில் ‘யாருக்காவது சந்தேகம் உண்டா?’ என்று கேட்டபடியே கோப்பை மூடும் மேலாளரிடம் எவரும் வாய் திறக்க மாட்டார்கள். ‘இதில் நான் எதைக் கவனிக்கத் தவறியிருக்கிறேன்?’ என்று கடைசியாகச் சேர்ந்தவரைப் பார்த்துக் கேட்டு, அவர் தயக்கம் தீர்ந்து பேசும்வரை காத்திருக்கும் பொறுமை தலைமைப் பொறுப்பிலிருப்பவருக்கு வேண்டும்.