கிடங்கு வெட்டினவன் எங்கே?

வட இலங்கையில், முகமாலையில் மிதிவெடி அகற்றும் வேலைக்குச் சேர்ந்த வருஷம்தான் நான் சரித்திர நாவல் படிக்கவும் தொடங்கினேன். ஐம்பது நிமிஷம் முழங்காலில் இருந்து மண்ணைச் சுரண்டினால் பத்து நிமிஷம் ஓய்வு. முகத்தை மூடும் வைசரைக் கழற்றி, முகத்தைத் துடைத்து, தண்ணீர் குடித்தபிறகு ஆறேழு நிமிஷம் மிஞ்சும். போனுக்கு அனுமதியில்லை. அதனால் நூலகத்தில் எடுத்த அட்டை கிழிந்த புத்தகம் ஒன்று எப்போதும் என் சாப்பாட்டுப் பைக்குள் கிடக்கும்.

கோட்டை முற்றுகை வந்தால் சத்தமாக வாசிப்பேன். யானை கதவை முட்டும், மதிலில் ஏணி சாத்துவார்கள், தளபதி குதிரையில் இருந்தபடி நாலு வசனம் பேசுவார். எல்லாருக்கும் பிடிக்கும். எங்கள் குழுவில் வயதில் மூத்த அண்ணை ஒருவர் மட்டும் ஒருநாள் இடையில் கேட்டார், “அதெல்லாம் சரி தம்பி, உந்த அகழியை ஆரடா வெட்டினது?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. போர்க்காலத்தில் பங்கர், அதாவது பதுங்குகுழி, வெட்டி வெட்டிக் கை காய்த்த மனுஷன், பகிடிக்குக் கேட்கவில்லை.

சங்கப் பாட்டுகளில் கோட்டை அகழிக்குக் கிடங்கு என்றும் ஒரு பெயர் உண்டு, முதலை கிடக்கும் ஆழமான கிடங்கு. நாங்கள் வாழை வைக்க வெட்டுவதும் கிடங்குதான், மலசலகூடத்துக்கு வெட்டுவதும் கிடங்குதான். இது தெரிந்த நாளிலிருந்து நாவலில் அகழி வந்தாலே எனக்கு மண்வெட்டிச் சத்தம்தான் கேட்கிறது. வெட்டிய மண்ணை எங்கே கொட்டினார்கள், மாரியில் கரை இடிந்தால் யார் இறங்கித் திருத்தினார்கள் என்று யோசனை ஓடத் தொடங்கிவிடும், கதாநாயகன் அதற்குள் நீந்தி அக்கரை போய்விடுவான்.

முகமாலை கிட்டத்தட்டப் பத்து வருஷம் இராணுவத்துக்கும் புலிகளுக்கும் இடையில் போர் முன்னரங்காக இருந்த நிலம். 2009 தொடக்கம் வரை இரண்டு பக்கமும் மண் அணை, அணைக்குப் பின்னால் குழி, அணைக்கு முன்னால் மிதிவெடி. நாங்கள் எடுப்பது அதிகமும் பி4 வகை, ஜொனி 95 வகை. ஆனால் வெடியைவிட மற்றச் சாமான்கள்தான் நிறைய வரும். உக்கிப்போன யூரியாப் பை, கூரைக்குப் போட்ட பனங்குற்றி, பற்றறி, பல்துலக்கும் தூரிகை, சவர்க்காரப் பெட்டி, ஒருமுறை பிடியில் ஏதோ எழுத்துக் கீறிய தேக்கரண்டி. எந்தப் பக்கத்தவன் சாப்பிட்ட கரண்டி என்று சொல்ல வழியில்லை. அணையில் இருந்தவன் வருஷக்கணக்காகச் செய்த வேலை பல்லுத் துலக்கியது, சாப்பிட்டது, காவல் இருந்தது, மழை பெய்தால் தண்ணீர் இறைத்தது. சண்டை அதற்குள் சில நாட்கள்தான். நாவல்காரர்கள் அந்தச் சில நாட்களை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

சிலப்பதிகாரத்தில் மதுரை மதிலில் இருந்த பொறிகளைப் பற்றி ஒரு நீளப் பட்டியல் வரும். தானாக வளைந்து அம்பு எய்யும் பொறி, கல் எறியும் கவண், மேலே ஏறுபவன் தலையில் ஊற்றக் கொதிக்கிற எண்ணெய். அண்ணையிடம் வாசித்துக் காட்டினேன். எண்ணெய்க்கு வருவதற்குள் அவர், “விறகு?” என்றார். சரிதானே. முற்றுகைக்குள் இருக்கிற ஊர் காட்டுக்கு விறகு வெட்டப் போகமுடியாது. எண்ணெயை எந்நேரமும் கொதிநிலையில் வைத்திருந்தால் சோறு ஆக்குவது எதில்?

இதையெல்லாம் விளங்கிய பழைய ஆள் ஒருவர் இருந்திருக்கிறார். புறநானூற்று 44ஆம் பாட்டு, கோவூர் கிழார். சோழன் நலங்கிள்ளி ஆவூரை முற்றுகை போட, இன்னொரு சோழனான நெடுங்கிள்ளி கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்கிறான். புலவர் நேரே போய் அவனிடம், உன் யானைகள் குளத்தில் படியவில்லை, நெல்லுக் கவளம் இல்லை, பிள்ளைகள் பால் இல்லாமல் அலறுகின்றன, பெண்கள் பூவில்லாத தலையை முடிகிறார்கள், வீடுகளில் தண்ணீர் இல்லை என்கிறார். அறவான் என்றால் கதவைத் திறந்து ‘உன்னுடையது’ என்று கொடு, மறவன் என்றால் திறந்துகொண்டு போய்ச் சண்டை பிடி, இரண்டும் செய்யாமல் உள்ளே ஒளிந்திருப்பது வெட்கம். ஒரு மன்னனின் முகத்துக்கு நேரே இப்படிச் சொல்ல நெஞ்சு வேண்டும். எனக்கு அதைவிடப் பிடித்தது அவர் முதலில் யானையின் தீனியையும் பிள்ளையின் பாலையும் எடுத்ததுதான். வீரத்தைப் பற்றிப் பிறகுதான் பேசுகிறார்.

தண்ணீர் விஷயம் எங்களுக்குப் புதிதில்லை. 2000 ஏப்ரலில் இராணுவத்தின் ஆனையிறவுப் படைத்தளம் புலிகளிடம் விழுந்ததற்கு, அதற்குத் தண்ணீர் கொடுத்த இயக்கச்சிக் கிணறுகள் கைமாறியதும் ஒரு பெரிய காரணம். சுற்றவர உப்புக் களப்பு, உள்ளே ஆயிரக்கணக்கான ஆட்கள், குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்ததும் மூன்று மாதத்துக்கு மேல் அடைத்துவைத்துத்தான்.

தலைமை பற்றியும் சொல்லவேண்டும், நாவல்களில் எனக்குப் பெரிய முரண்பாடே அங்கேதான். எனக்கு முதலில் வாய்த்த மேற்பார்வையாளர் ஒரு சதுரமீற்றர் பைத்தியம். நிழலில் இருந்துகொண்டு “இன்றைக்கு எவ்வளவு, நேற்று எவ்வளவு” என்பார். நல்ல கம்பீரமான குரல், நாவலில் போட்டால் சேனாதிபதிதான். அவர் அவசரப்படுத்திய ஒரு நாளில் என் பக்கத்துப் பாதைக்காரன் சுரண்டவேண்டிய ஆழத்தைச் சுரண்டாமல் முன்னேறிவிட்டான். பின்னேரம் சரிபார்த்தபோது அவன் முழங்கால் வைத்த இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி ஒரு பி4 இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அவன் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

பிறகு வந்தவர் ஒரு அக்கா. குரலே எழும்பாது. எங்களுக்குச் சந்தேகமான இடம் வந்தால் எங்களைப் பின்னுக்கு அனுப்பிவிட்டுத் தானே குப்புறப் படுத்துப் பார்ப்பார். மத்தியானம் எல்லாருடைய போத்தலிலும் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தபிறகுதான் தன் சாப்பாட்டைத் திறப்பார். இவரைச் சேனாதிபதியாக எந்தக் கதாசிரியரும் போடமாட்டார், முகத்தில் ஒரு தழும்புகூட இல்லை.

ஒருவரைப் பற்றி மட்டும் யாராவது வேறுமாதிரி எழுதவேண்டும் என்று ஆசை. பரஞ்சோதி. 642இல் அவர் தளபதியாக இருந்த பல்லவப் படை சாளுக்கியரின் தலைநகர் வாதாபியைப் பிடித்ததைப் பெரியபுராணத்தில் சேக்கிழார் ஒரே பாட்டில் முடித்துவிடுகிறார், பழைய நகரம் துகளாகிறது, அவ்வளவுதான். அந்தத் தளபதி பிறகு படையை விட்டு ஊருக்குப் போய், தினமும் அடியாருக்குச் சோறு போட்டபிறகே சாப்பிடுகிற சிறுத்தொண்டர் ஆகிறார். ஒரு நகரத்தைத் துகளாக்கியவனுக்கு இன்னொருவருக்குச் சோறு போடவேண்டும் என்று எப்போது தோன்றியிருக்கும்? வாதாபிக்குள் நுழைந்த அன்றேயா? எனக்கு அந்த நாவல்தான் வேண்டும், யானை முட்டுகிற அத்தியாயம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

போன வருஷம் எங்களை முல்லைத்தீவுப் பக்கம் மாற்றினார்கள், கடற்கரை மணல். 2009இல், போரின் கடைசி மாதங்களில், அதே மாதிரி மணலில்தான் நாங்களும் இருந்தோம், எனக்குப் பதினேழு வயது. அந்த மணலில் பங்கர் வெட்ட வெட்டச் சரியும், சாக்கும் இல்லை. அம்மா தன் சீலைகளைக் கிழித்துப் பை தைத்தா. கலியாணக் கூறைச்சீலையைக் கடைசிவரை வைத்திருந்து, பிறகு அதையும் தைத்தா. நான் மணல் நிரப்பினேன்.

மாற்றலாகி வந்த இந்தக் கரையில் ஒருநாள், மணல் கிளறும் ரேக்கில் ஏதோ தடக்கியது. தடக்கினால் நிறுத்திவிட்டுக் கூப்பிடவேண்டும் என்பது விதி. அக்கா வந்து, என்னை எழும்பச் சொல்லி, படுத்துப் பார்த்தார். விரலால் மணலைத் தள்ளத் தள்ள ஒரு சரிகைக்கரை வந்தது, உக்காமல், கொஞ்சம் மினுங்கிக்கொண்டு. எங்களுடையது இல்லை, எங்கள் இடம் இன்னும் தெற்கே. அக்கா கொஞ்சநேரம் அப்படியே படுத்திருந்தார். பிறகு எழும்பி, “சீலைதான் தம்பி, மெதுவா கையால எடு” என்று சொல்லிவிட்டு, குறிப்பேட்டில் ‘துணி’ என்று எழுதினார். ஓய்வுக்கு இன்னும் பதினைந்து நிமிஷம் இருந்தது. வைசரை இறக்கிக்கொண்டு திரும்ப முழங்காலில் இருந்தேன்.