ஜின்னி ஊற்றுக்குப் போகும் முன்

ஜனவரி 6

தம்பிக்குக் கடல் அலுத்துவிட்டதாம். பிப்ரவரி மூன்றாம் வாரம் சிகாகோவிலிருந்து வருகிறான். காற்றுக் குடுவையை முதுகில் கட்டிக்கொண்டு மூழ்கும் ஸ்கூபாவுக்கு இந்த முறை நன்னீர் ஊற்று வேண்டும் என்கிறான். அப்படியானால் வடக்கு ஃப்ளோரிடாதான். ஹை ஸ்பிரிங்ஸ் ஊருக்குப் பக்கத்தில், சான்டா ஃபே ஆற்றங்கரையில் ஜின்னி ஸ்பிரிங்ஸ் இருக்கிறது. அட்லாண்டாவிலிருந்து காரில் ஐந்து மணி நேரம். கோடையில் போனால் காற்றடைத்த டியூபில் மிதக்கிற கூட்டத்துக்கு அடியில் மூழ்க வேண்டியிருக்கும். குளிர்காலத்தில் அந்தத் தொல்லை இல்லை. தண்ணீரோ ஆண்டு முழுவதும் ஒரே 22 டிகிரி. உடம்புச் சூட்டைக் காக்கும் ரப்பர் உடை, 5 மில்லிமீட்டர் வெட்சூட், போதும். கரையேறிய பிறகுதான் பல் கிட்டிக்கும்.

ஜனவரி 10

தகராறு தொடங்கிவிட்டது. ஜின்னியில் மூழ்குமிடம் ஒன்றல்ல. ஜின்னி ஊற்றின் அடியில் 'பால்ரூம்' என்றழைக்கப்படும் பெரிய அறை இருக்கிறது. அதன் கோடியில் குகைக்குள் போகும் வழியை இரும்புக் கம்பிச் சட்டத்தால் அடைத்துவிட்டார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால் உள்ளிருந்து வரும் நீர் ஆளை வெளியே தள்ளும். எங்களைப் போன்ற அடிப்படைச் சான்றிதழ்காரர்கள் விளக்கோடு போக அனுமதியுள்ள இடம் அதுதான்.

கொஞ்சம் தள்ளி டெவில்ஸ் ஐ, டெவில்ஸ் இயர். பிசாசின் கண், பிசாசின் காது. (அம்மாவிடம் இந்தப் பெயர்களைச் சொல்வதாக இல்லை.) அவற்றுக்கு அடியில் நீண்ட குகை ஓடுகிறது. குகைப் பயிற்சி பெறாதவர்கள் அங்கே விளக்கைக் கையில் எடுக்கவே கூடாது என்பது விதி. விளக்கு இல்லாதவன் இருட்டுக்குள் போகமாட்டான். எவ்வளவு எளிய கணக்கு! தம்பிக்குத் தெரிந்த குகை முக்குளிப்பாளர் ஒருவர் "என் பின்னாலேயே வாருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றாராம். அந்த 'பார்த்துக்கொள்கிறேன்' எனக்கு வேண்டவே வேண்டாம்.

ஜனவரி 17

வாக்குவாதத்தைப் படம் அனுப்பித் தீர்த்தேன். ஃப்ளோரிடாவின் நீரடிக் குகை வாசல்களில் ஓர் எச்சரிக்கைப் பலகை நிற்கும். கறுப்பு அங்கி போட்ட எலும்புக்கூடு, கையில் அரிவாள். இப்படிப்பட்ட குகைகளில் 300க்கும் மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள், அவர்களில் ஸ்கூபா பயிற்சியாளர்களும் உண்டு, உயிரைக் கொடுத்துப் பார்க்கும்படி உள்ளே எதுவுமில்லை என்று எழுதியிருக்கும்.

கடலில் ஏதாவது தவறினால் மேலே போகலாம். குகையில் மேலே இருப்பது சுண்ணாம்புப் பாறை. வந்த வழியேதான் திரும்ப வேண்டும். ஒருமுறை காலில் மாட்டிய துடுப்பைத் தரையில் உதைத்தால் வண்டல் கிளம்பி அந்த வழியும் மறைந்துவிடும். தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருப்பதுதான் ஆபத்தே. கலங்கலாக இருந்தால் வாசலிலேயே பயந்து திரும்பியிருப்பார்கள்.

ஷெக் எக்ஸ்லி என்ற ஃப்ளோரிடாக்காரர் இந்தச் சாவுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். வெளிவாசல் வரை தொடரும் வழிகாட்டிக் கயிறு இல்லாதது, திரும்புவதற்குக் காற்றை மிச்சம் வைக்காதது, அளவுக்கு மீறி ஆழம் போனது: பெரும்பாலும் இந்த மூன்றுதான். உள்ளே போக மூன்றில் ஒரு பங்கு காற்று, திரும்ப ஒரு பங்கு, மீதி ஆபத்துக்கு என்ற விதியைக் குகைக்காரர்கள் இன்றும் விடாமல் பிடிக்கிறார்கள். எக்ஸ்லியே 1994இல் மெக்சிகோவின் ஸகட்டோன் என்ற நீர் நிறைந்த பள்ளத்தில் ஆழச் சாதனை முயற்சியில் இறந்துபோனார். அதையும் தம்பிக்கு எழுதினேன். "சரி, அக்கா" என்று மட்டும் பதில் வந்தது. கோபமாகத்தான் இருப்பான், இருக்கட்டும்.

பால்ரூமிலும் அதே பங்குக் கணக்குதான். குடுவையின் காற்றழுத்தம் 3000 பிஎஸ்ஐ இருக்க இறங்கினால், அளவுகாட்டி 2000 காட்டியதும் திரும்புகிறோம்.

ஜனவரி 25

எடைக் கணக்கு. உப்புநீரைவிட நன்னீர் ஏறக்குறைய இரண்டரை சதவீதம் அடர்த்தி குறைந்தது. நம்மைக் குறைவாகத்தான் தூக்கும். உடம்பும் கருவிகளுமாகக் கரையில் 90 கிலோ வருகிறேன். ஆகவே மிதக்காமல் மூழ்குவதற்காகக் கடலில் இடுப்பில் கட்டும் ஈயத்தில் இரண்டு கிலோவைக் கழற்றிவிடலாம். கழற்றாமல் போனால் கால் தாழ்ந்து, துடுப்பு தரையைத் துழாவும். நீச்சல் குளத்தில் தவளை உதை பழகினேன்: முழங்காலை மடக்கி, பாதத்தைத் தலைக்கு மேலாக வைத்துக்கொண்டு, நீரைக் கீழே தள்ளாமல் பின்னால் மட்டும் தள்ள வேண்டும். தொடையில் இன்னும் வலி. பக்கத்துப் பாதையில் நீந்திக்கொண்டிருந்த பெரியவர் எனக்கு ஏதோ வலிப்பு என்று நினைத்து அருகே வந்துவிட்டார்.

பிப்ரவரி 5

வடக்கு ஃப்ளோரிடாவில் நல்ல மழை. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறையின் ஆற்றுமட்ட வரைபடத்தைக் காலையும் மாலையும் பார்க்கிறேன், கோடு ஏறுகிறது. சான்டா ஃபே விசித்திரமான ஆறு. ஓலீனோ பூங்காவில் தரைக்குள் இறங்கி, சுமார் ஐந்து கிலோமீட்டர் தள்ளி மறுபடி வெளியே வருகிறது. அழுகிய இலைச் சாறு ஊறிய நீர், தேநீர் நிறத்தில் இருக்கும். ஆறு பெருகினால் அந்தப் பழுப்பு நீர் ஊற்றின் வாய்க்குள் புகுந்துவிடும். ஊற்றே பின்னோக்கி ஓடுவதும் உண்டு.

மாற்று ஏற்பாடாக வில்லிஸ்டனில் டெவில்ஸ் டென். (இங்கேயும் பிசாசு!) ஆற்றோடு ஒட்டாத பள்ளம், கூரையில் ஓட்டை விழுந்த குகைக்குள் படியிறங்கினால் தண்ணீர், 54 அடி ஆழம். பனியூழி விலங்குகளின் எலும்புகள் கிடைத்த இடம். குளிர்ந்த காலைகளில் அந்த ஓட்டை வழியே ஆவி எழும்புமாம். ஆறு வடிந்தாலும் இதை விடுவதாக இல்லை.

பிப்ரவரி 12

தம்பி ஞாயிறு இரவு 9 மணி விமானத்துக்கு டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறான். அடுத்தடுத்து மூழ்கியவர்கள் விமானம் ஏறும் முன் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் உடம்பில் கரைந்துள்ள நைட்ரஜன் குமிழியாகிவிடும். ஞாயிறு நண்பகலில் கரையேறுகிறோம். திங்கள் காலை 8 மணிக்கு மாற்றச் சொன்னேன். மாற்றுக் கட்டணத்துக்காக அரை மணி நேரம் புலம்பினான். கட்டிவிட்டான்.

பிப்ரவரி 20

வரைபடக் கோடு இறங்கிவிட்டது. சனிக்கிழமை ஜின்னி, ஞாயிறு காலை வில்லிஸ்டன். தம்பி வந்து சேர்ந்தான். பெட்டியைத் திறந்தால் துணியைவிட விளக்குகள்தான் அதிகம். ஒன்று என் முழங்கை நீளம்.

"பால்ரூமுக்குத்தான், அக்கா."

"நல்லது. பிசாசுப் பக்கம் போகும்போது எல்லாம் கார் டிக்கியில் இருக்கும். சாவி என்னிடம்."

காலை நான்கு மணிக்குக் கிளம்புகிறோம்.