கோல்டு இறங்கிரக்கூடாது, தம்பி

டிக்கெட் போடும் வேலையில் ஒருவரிடம் "இது வேண்டாம்ணே" என்று சொல்ல, கையில் கணக்கு இருக்க வேண்டும். அன்றைக்கு இருந்தது. மதுரையிலிருந்து சிங்கப்பூருக்கு நேராகவே பட்ஜெட் விமானம் உண்டு. என்னிடம் டிக்கெட் போட வந்த மதுரை அண்ணன் ஒருவர் கேட்டதோ சென்னை சுற்றி, சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் பிசினஸ் கிளாஸ். அவரிடம் இருந்தது கிரிஸ்ஃப்ளையர் எலீட் கோல்டு, அந்த நிறுவனம் அடிக்கடி பறப்பவர்களுக்குக் கொடுக்கும் மேல்நிலைக் கார்டு. அது கீழே இறங்காமல் காப்பாற்ற 12 மாதத்தில் 50,000 எலீட் மைல், அதாவது பறந்ததற்காக ஏறும் மைல், சேர வேண்டும்.

சென்னை–சிங்கப்பூர் ஏறக்குறைய 1,800 மைல். பறந்த தூரம் அப்படியே ஏறினாலும் 14 தடவை போய்வர வேண்டும். மலிவு எகானமியில் அதுவும் முழுசாக ஏறாது. பிசினஸில் கூடுதலாக ஏறும். கிரெடிட் கார்டு பாயின்ட்டை மாற்றிய மைல் இந்தக் கணக்கில் சேராது, மைல் கொடுத்து எடுத்த டிக்கெட்டும் சேராது. பலர் ஏமாறுவது இங்கேதான்.

கோல்டு இருந்தால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் சேர்ந்துள்ள ஸ்டார் அலையன்ஸ் கூட்டணி விமானங்களில் லவுஞ்ச், தனி வரிசை, பெட்டியை எண்ணாமல் எடை பார்க்கும் தடங்களில் கூடுதலாக 20 கிலோ. எல்லாம் சென்னையோடு சரி. மதுரை–சென்னையைத் தனி டிக்கெட்டாகப் போட்டால் பொதுவாக 15 கிலோதான். திரும்பும்போது சென்னையில் பெட்டியை எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி, உள்நாட்டு முனையத்தில் மறுபடி போட்டு, மிச்ச கிலோவுக்குக் காசு கட்ட வேண்டும். சிங்கப்பூர் விமானம் தாமதமானால் மதுரை டிக்கெட் காசும் போச்சு.

"அண்ணே, மதுரைல இந்தக் கார்டு செல்லாதே" என்றேன்.

"மதுரைல எதுக்குத் தம்பி? இங்கதான் எல்லாருக்கும் என்னயத் தெரியுமே."

அதற்குமேல் கணக்குப் பேசவில்லை. கீழமாசி வீதியில் அவர் நடந்தால் நாலு பேர் வண்டியை நிறுத்தி வணக்கம் வைப்பார்கள். வெளிநாட்டுக் கவுன்டரில் அவர் வரிசையில் நிற்கும் ஒரு ஆள். அந்த வித்தியாசத்துக்கு அவர் காசு கொடுத்தால் வீண் செலவு என்று சொல்ல நான் யார்? ஆனால் பெரிய டிக்கெட்டில் எனக்கும் பெரிய கமிஷன். வாயை மூடிக்கொண்டது மரியாதையா, வியாபாரமா என்று இன்னும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவர் கேட்டதைத்தானே போட்டேன் என்று ஒரு நேரம் தோன்றும். கேட்டதைப் போட ஆள் எதற்கு, செல்போனே போதுமே என்று இன்னொரு நேரம்.

பெயரிலும் ஒரு சிக்கல். கார்டில் இனிஷியலோடு, பாஸ்போர்ட்டில் விரித்து என்று பெயர் மாறியிருந்தால் மைல் ஏறாமல் நின்றுவிடும். பிறகு போர்டிங் பாஸும் இ-டிக்கெட் எண்ணும் வைத்து ஆறு மாதத்துக்குள் கேட்டு வாங்க வேண்டும். அதனால் பாஸ்போர்ட்டில் உள்ளபடி கார்டுப் பெயரை முதலில் திருத்தச் சொன்னேன். நம்மவர்களுக்கு சர்நேம் இடத்தில் பெரும்பாலும் அப்பா பெயர்தான். பிசினஸ் கேபினில் பணிப்பெண் 'மிஸ்டர்' போட்டு வரவேற்பதும் அந்தப் பெயரைத்தான். அதையும் சொன்னேன்.

"எங்கப்பாரு பஸ்ஸத் தாண்டி ஏறுனதில்ல. அவரயாச்சும் கூப்புடட்டும்" என்றார்.

டிக்கெட்டைப் போட்டாயிற்று. திரும்பும்போது சென்னையில் ஒரு ராத்திரி தங்கி மறுநாள் காலை மதுரை விமானம். அறை வாடகை தனி.