வாக்கெட், வாக்டு, வாக்ட்

மதுரை செல்லூர்ல எங்க வீட்டு மாடியில சாயந்திரம் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில வேலை பார்க்கிற தம்பி ஒருத்தன், நேத்து எந்திரிச்சு நின்னு சொன்னான்: "ஐ வாக்கெட் டு த ஷாப். ஐ ஹெல்ப்பெட் மை ஓனர்."

'வாக்ட், ஹெல்ப்ட்'னு திருத்தினேன். "என்னக்கா, எழுத்துல 'ஈ' இருக்குல்ல? எல்லாரும் அப்படித்தான சொல்றாய்ங்க?"

நியாயமான கேள்வி. இங்கிலீஷ்காரங்களும் ஒரு காலத்துல அந்த 'ஈ'யைச் சொன்னவங்கதான். அதை விழுங்குற பழக்கத்தைக் கண்டிச்சு எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் 1712-லயே எழுதியிருக்கார். பேச்சு நகர்ந்துருச்சு, எழுத்து அங்கயே நிக்குது. இப்ப வினைச்சொல் 'வாண்ட்', 'நீட்' மாதிரி முடிஞ்சா மட்டும்தான் அந்த உயிர் கேக்கும்: வாண்டட், நீடட். கை தட்டிச் சொன்னா ரெண்டு தட்டு. வாக்ட், ஹெல்ப்ட் எல்லாம் ஒரே தட்டு.

கையைத் தட்டச் சொன்னேன். உடனே 'வாக்டு'ன்னான். இது அவன் தப்பில்ல. தமிழ்ல எந்தச் சொல்லும் வல்லின மெய்யில முடியாது. குற்றியலுகரம் தானா வந்து ஒட்டிக்கும். பஸ்ஸு, கப்பு, வாக்டு. அதுக்கு நான் கண்ட வழி, அடுத்த சொல்லோட சேர்த்துச் சொல்றது. 'ஹெல்ப்ட் அஸ்'ஸை 'ஹெல்ப் டஸ்'னு, 'வாஷ்ட் இட்'டை 'வாஷ் டிட்'னு சொல்லிப் பாருங்க, உகரத்துக்கு இடமே இருக்காது.

அடுத்து அந்த ட். தொண்டையில விரலை வச்சு 'பட்டு', 'பாடு'ன்னு சொல்லுங்க. 'பட்டு'ல ட்டன்னா வரும்போது அதிர்வு நிக்கும், 'பாடு'ல நிக்காது. வாக், ஹெல்ப், மிஸ், வாஷ், லாஃப் இதுக்கெல்லாம் பட்டுவோட ட். கால், பிளே, ஓப்பன், லிவ் இதுக்கெல்லாம் பாடுவோட ட். நாக்கை மட்டும் நம்ம ட-வுக்கு மடக்குற மாதிரி மடக்காம, மேல்பல்லுக்குப் பின்னால இருக்கிற மேட்டுல தொடணும். முதல்ல அந்த 'எட்'டை விட்டாப் போதும், இது பழகப் பழக வந்துரும்.

"மூணு விதமாக்கா?"ன்னு மலைச்சான். செய்தான், உண்டான், தின்றான், ஓடினான். இறந்தகாலத்துக்கு த், ட், ற், இன்-னு நாலு இடைநிலை சொல்லுது நன்னூல். அதைப் படிக்காமலே அவங்கம்மா ஒரு நாளும் தப்பாச் சொன்னதில்லை. அதைச் சொன்னதும்தான் அவன் முகம் தெளிஞ்சுச்சு.

எனக்கு 24 வயசு வரைக்கும் இதை யாரும் சொல்லித்தரலை. 'ஆஸ்க்கெட்'னு சொல்லி ஒரு இன்டர்வியூல தலைகுனிஞ்சு வந்தேன். அந்தத் தம்பிக்கு அடுத்த மாசம் இன்டர்வியூ.

படியிறங்கும்போது சொல்லிக்கிட்டே போனான்: "வாஷ் டிட், ஓப்பன் டிட், வாஷ் டிட்..."