சர்க்காரும் சர்தேசாயும்: ஜூலைக் குறிப்புகள்

ஜூலை 4

வரலாற்றாசிரியர்கள் ஜதுநாத் சர்க்காரும் கோவிந்த் சகாராம் சர்தேசாயும் எழுதிக்கொண்ட கடிதங்களில் மூழ்கிக் கிடக்கிறேன். சர்க்கார் வங்காளி, பாட்னாவிலும் கட்டக்கிலும் கல்லூரி ஆசிரியர். சர்தேசாய் பரோடா சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்த மராட்டியர், ஐந்து வயது மூத்தவர். ஓய்வு பெற்றபின் புணேக்குப் பக்கத்தில் காம்ஷேத்தில் தங்கிவிட்டார். சர்க்காருக்குப் பாரசீகம் தண்ணீர் பட்ட பாடு. மராத்தியின் பழைய கூட்டெழுத்தான மோடியில் உள்ள காகிதம் என்றால் சர்தேசாய்தான். ஔரங்கசீப்பையும் மராட்டியரையும் ஒரே மொழிச் சான்றை வைத்து எழுத முடியாது என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. அந்த நட்பின் அஸ்திவாரமே இந்தத் தேவைதான் என்று எனக்குப் படுகிறது. பாசம் பிறகு வந்திருக்கும்.

ஜூலை 7

இன்று முழுக்கத் தேதித் தகராறு. பேஷ்வாக்கள் (மராட்டிய அரசின் பிரதம மந்திரிகள்) காலக் கடிதங்கள் பலவற்றில் பிறை நாளும் இஸ்லாமிய மாதமும் இருக்கும், ஆண்டு இருக்காது. ஆண்டு போட்டாலும் சுஹூர் என்ற பழைய ஆண்டுக் கணக்கு, அதுவும் அரபு எண்பெயர்களில், ஒன்றாம் இலக்கத்தில் தொடங்கி: ‘இஹிதே சித்தைன் மயா வ அலஃப்’. ஒன்று, அறுபது, நூறு, ஆயிரம், ஆக 1161. இந்த ஆண்டு ஜூன் வாக்கில் பிறக்கும். ஆங்கில ஆண்டு தெரிய, இதன் முற்பகுதிக்கு 599, ஜனவரி வந்துவிட்டால் 600 கூட்ட வேண்டும். 1761 ஜனவரியில் நடந்த பானிபட் போர் இதற்குள்தான் வருகிறது.

ஆண்டே இல்லாத கடிதத்தை என்ன செய்வது? அங்கேதான் பாரசீகம் கைகொடுக்கிறது. முகலாய தர்பாரின் ‘அக்பாராத்’ நாள்வாரிச் செய்திக் குறிப்பு. எந்தத் தளபதி எங்கே முகாம் போட்டான் என்பதுவரை கிடைக்கும். மோடிக் கடிதத்தின் சம்பவத்தை அதோடு ஒட்டிப் பார்த்தால் ஆண்டு பிடிபட்டுவிடும். இரண்டையும் கரைத்துக் குடித்த ஒரே ஆள் கிடைப்பது அபூர்வம். அதனால்தான் தபால் தேவைப்பட்டது.

ஜூலை 11

புணேயில் பேஷ்வா தஃப்தர், அதாவது பேஷ்வாக்களின் ஆவணக் காப்பகம், துணியில் கட்டிய ‘ருமால்’ மூட்டைகளாக. ஆராய்ச்சியாளர்களை அரசு எளிதில் உள்ளே விடாது. சர்க்காரின் சிபாரிசில், அந்தக் காகிதங்களைத் தேர்ந்து பதிப்பிக்கும் பணி சர்தேசாயிடம் வந்தது. 1930 முதல் 1934க்குள் 45 தொகுதிகள் வந்துவிட்டன. இந்த வேகம் எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருக்கிறது. பிறகு புணே ரெசிடென்சி (பிரிட்டிஷ் பிரதிநிதியின் அலுவலகம்) கடிதத் தொகுதிகளை இருவரும் சேர்ந்தே கவனித்தார்கள். 1936இல் வந்த முதல் தொகுதி, மராட்டியத் தளபதி மகாத்ஜி சிந்தியாவைப் பற்றியது, சர்க்கார் பதிப்பித்தது.

ஜூலை 12

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. வரலாற்று ஆய்வாளர் ராஜ்வாடே புணேயில் தொடங்கிய ஆய்வுச் சங்கமான பாரத் இதிஹாஸ் சம்சோதக் மண்டலத்து ஆட்களுக்கும் இவர்களுக்கும் ஒத்துப்போகவில்லை. ஊர் ஊராய் அலைந்து காகிதம் திரட்டியவர்கள் அவர்கள். தஃப்தர் கதவு இவர்களுக்குத் திறந்தால் வயிறு எரியாதா? சர்க்கார் 1929இல் ‘சர்’ பட்டம் வாங்கியவர், ஆங்கிலேய அதிகாரிகளிடம் செல்வாக்கு உண்டு. நண்பனுக்குத் திறக்கும் கதவு மற்றவனுக்குச் சாத்தியே கிடந்தது. மண்டலத்தாரின் கோபத்தில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன்.

ஜூலை 16

இந்த நட்பில் மூன்றாமவர் ரகுவீர் சிங், மாளவத்தில் சீதாமவ் சமஸ்தானத்து இளவரசர், சர்க்காரின் மாணவர். வெளிநாட்டு நூலகங்களில் இருந்த பாரசீகக் கையெழுத்துகளுக்குக் காசு செலவழித்துப் பிரதி எடுத்து வரவழைத்தார். அவை சீதாமவில் சேர்ந்தன.

தஞ்சை மராட்டியர் கால மோடித் தாள் ஒன்றில் எனக்குப் பிடிபடாத ஒரு வரியை, புணேயில் இருக்கும் சிநேகிதருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். மோடியில் பேனாவைத் தூக்காமல் எழுதிக்கொண்டே போவார்கள், சொல் எங்கே முடிகிறது என்றே தெரியாது. இரவு பதில் வந்தது: “முதல் மூன்று சொல் சரி அண்ணா. நாலாவது ஆள் பெயர் இல்லை, ஊர்ப் பெயர் மாதிரி இருக்கு. உங்க பக்கத்து ஊராத்தான் இருக்கும், நீங்களே பாருங்க.” நாளை தாலுகா வரைபடத்தோடு உட்கார வேண்டும்.