வாந்தியில் போன 75 கிராம் குளுக்கோஸ்

25ஆவது வாரத்தில் கர்ப்பகாலச் சர்க்கரைப் பரிசோதனைக்குப் போனபோது, 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்த கால் மணி நேரத்திலேயே முழுவதையும் வாந்தி எடுத்துவிட்டேன். ஆய்வகத்தில் இருந்தவரோ, "பரவாயில்லை, உட்காருங்கள்" என்றார். இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த இரத்தத்தில் 104 இருந்தது. இயல்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். அரை மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் அந்தச் சோதனை செல்லாது, மறுநாள் திரும்பச் செய்ய வேண்டும் என்பதைக் கிராம சுகாதாரச் செவிலியர் சொல்லித்தான் அறிந்தேன். அதற்குள் மூன்று வாரங்கள் போயிருந்தன.

அந்த மூன்று வாரங்களுக்குள்தான் வளைகாப்பும் நடந்தது. சர்க்கரைப் பொங்கல், பழச்சாறு, பேரீச்சம்பழம் என்று அத்தை ஆசையாக எடுத்து வைத்ததையெல்லாம், 104 தந்த தைரியத்தில் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். மறுசோதனையில் 172, 140ஐத் தொட்டாலே கர்ப்பகால நீரிழிவு. தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும், இன்சுலின் போகாது. அதனால் குழந்தையின் கணையமே கூடுதலாக இன்சுலினைச் சுரந்து, அந்தச் சர்க்கரை கொழுப்பாகச் சேர்ந்து, பிற்காலத்தில் உடற்பருமனுக்கும் நீரிழிவுக்கும் வாய்ப்பைக் கூட்டும் என்று மருத்துவர் விளக்கியபோது, அந்த ஆய்வக ஊழியர் மீது வந்த கோபம் இன்றும் தணியவில்லை.

உணவு ஆலோசகர் தந்த அச்சிட்ட தாளில் ஓட்ஸும் ஆலிவ் எண்ணெயும் இருந்தன. எங்கள் அடுக்களையில் இரண்டுமே கிடையாது. குளுக்கோமீட்டர்தான் கைகொடுத்தது. எல்லோரும் புகழும் கேழ்வரகுக் கஞ்சி இரண்டு மணி நேரத்தில் 151 காட்டியது. அதே மாவில் முருங்கைக்கீரை சேர்த்துச் சுட்ட அடை 117தான். 120க்குள் நிற்க வேண்டும் என்பதால் சோற்றைக் குறைத்துக் கூட்டையும் முட்டையையும் கூட்டினேன். பயத்தில் சில நாள் இரவு உணவையே விட்டதற்கு மருத்துவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்: 1944-45 பஞ்சத்தின்போது நெதர்லாந்தில் கருவில் இருந்தவர்களுக்கும் பிற்காலத்தில் சர்க்கரைக் கோளாறு கூடுதலாகக் காணப்பட்டதாம்.

இன்சுலின் தேவைப்படவில்லை, பிரசவம் சுகமாக முடிந்தது, குழந்தையின் குதிகாலில் குத்திப் பார்த்த சர்க்கரையும் சரியாகவே இருந்தது. ஆனால் ஆறாவது வாரத்தில் தாய்க்குச் செய்ய வேண்டிய மறுசோதனையைப் பற்றி வீட்டுக்கு அனுப்பும்போது தந்த தாளில் ஒரு வரிகூட இல்லை. நானாகப் போய்க் கேட்டபோது, "அதுதான் குழந்தை பிறந்துவிட்டதே, இனி எதற்கு?" என்றார் சீட்டு எழுதுபவர். எழுதி வாங்காமல் நகரவில்லை. இம்முறை வாந்தி வரவில்லை, 112.